லூட்டின்: எல்லை தெரிந்த பயன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாவர ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் முதுமை நோய்கள் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்ற பேச்சு பெருகிவரும் வேளையில், கரும்பச்சை இலைகளில் உள்ள லூட்டின் பற்றி மட்டும் ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது. விழித்திரையின் மையத்தில் படியும் இந்த மஞ்சள் நிறமி, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், முதுமையில் விழித்திரையின் மையம் பழுதடையும் மாகுலர் சிதைவு நோயின் இடைநிலைக்கான சத்துக் கலவையில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக 10 மில்லிகிராம் லூட்டினும் அதே வகை நிறமியான ஸியாசாந்தின் 2 மில்லிகிராமும் இடம்பெற்றன. பீட்டா கரோட்டினும் தாவரப் பொருள்தான். ஆயினும் புகைபிடிப்போருக்கு அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியது. இக்கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துமே தவிர, இழந்த பார்வையை மீட்காது. நோயின் தொடக்கத்தையே தடுக்கும் என்பதற்கும் சான்றில்லை. மாத்திரை விளம்பரங்கள் பெரும்பாலும் மறைப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

– ஒரு வாசகர்