எம்எஸ்னா வீல்சேர் மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு ஹெல்த் பக்கத்துல மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (சுருக்கமா எம்எஸ்) பத்தி எழுதியிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல இதப் பத்தி வர்றதே அபூர்வம், அதுக்கு நன்றி. ஆனா மேல போட்ட போட்டோ இருக்கே, வீல்சேர்ல தலைய குனிஞ்சு ஒரு பொண்ணு, அத நெட்ல பாத்துட்டு திருநெல்வேலிலேர்ந்து எங்க பெரியம்மா போன் பண்ணி ஒரே அழுகை. எனக்கும் அதே வியாதிதான். செம்பூர்ல குடியிருக்கேன், ஃபோர்ட்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், தினம் ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின்ல வீ.டி. ஸ்டேஷன் போயிட்டு வர்றேன்.

நம்ம எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு இதுல நரம்ப மூடியிருக்கற மைலின்ங்கற உறைய அரிக்குதுன்னு நீங்க போட்டது சரிதான். ஆனா சுமார் 85 சதவீதம் பேருக்கு இது வந்து வந்து போற மாதிரிதான் ஆரம்பிக்கும்னு எழுதாம விட்டுட்டீங்க. எனக்கு மொதல்ல கண்ணு. ஒரு கண்ணுல மட்டும் சிவப்பு வெளுத்துப்போய் தெரிஞ்சுது, கண்ண அசைச்சா வலி, கண்ணாடிக் கடைக்காரர்தான் பவர்ல ஒண்ணும் மாறல, பெரிய டாக்டர பாருங்கன்னு அனுப்பினார் (புண்ணியவான்). எம்ஆர்ஐ எடுத்து, தினம் 1 கிராம் ஸ்டீராய்டு ட்ரிப் அஞ்சு நாள் போட்டு பார்வை திரும்பிடுச்சு. இப்ப என்ன பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, அங்கதான் எல்லா சிக்கலும்.

மும்பை மே மாச புழுக்கம் உங்களுக்கே தெரியும், மத்தவங்களுக்கு வேர்க்கும், எங்களுக்கு கால் பின்னும், பார்வை மங்கும். உடம்பு சூடு அரை டிகிரி ஏறினாலே உறை போன நரம்புல சிக்னல் தடுமாறும், ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் 1890லயே எழுதி வச்சுட்டார், குளிர்ந்தா தானா சரியாயிடும். இத ட்ரெயின்ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு இருக்கற ஹேண்டிகேப் டப்பால (பெட்டில) எதிர்ல நிக்கற ஆளுக்கு எப்படிங்க சொல்றது? ஏறி உக்காந்த உடனே "ஆப்கோ க்யா ஹுவா?" (உங்களுக்கு என்ன ஆச்சு?)ம்பாங்க. கேக்கற ஆளுக்கு ரெண்டு காலும் நல்லாதான் இருக்கும், அது வேற. அசதின்னு சொன்னா சிரிப்பாங்க, யாருக்குத்தான் அசதி இல்லன்னு. ராத்திரி முழுக்க தூங்கி எழுந்தும் பல்லு தேய்க்க கை தூக்க முடியாத அசதி இது, தூக்கத்துல தீராது. அப்புறம் பாத்ரூம் விஷயம், எழுத கூச்சமா இருக்கு ஆனா யாராச்சும் எழுதணும்ல. அவசரம்னா அவசரம்தான், அடக்க வராது, ஸ்டேஷன் டாய்லெட்ட நம்ப முடியாதுன்னு தண்ணி குடிக்காம கெளம்பினா யூரின் இன்ஃபெக்ஷன், அதுல காய்ச்சல் வந்தா பழைய தொல்லை எல்லாம் திரும்ப எழும்பும், புது ரிலாப்ஸோ, அதாவது நோய் மறுபடி தாக்குதோன்னு வீடே பதறும்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகைல எம்எஸ்ஸும் இருக்கு. சலுகை முக்கால்வாசி 40 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான். சர்டிஃபிகேட்டுக்கு போன அன்னிக்கு என் நல்ல நேரமோ கெட்ட நேரமோ கால் நல்லா இருந்துச்சு, ஏசி ரூம்ல நேரா நடந்து காட்டுனேன், "நல்லாதானே நடக்குறீங்க"ன்னுட்டாங்க. மத்தியானம் பிளாட்பாரத்துல வந்து பாக்கணும் அவங்க.

மருந்து கதை இன்னும் வேடிக்கை. மொதல்ல டைமெத்தில் ஃபுமரேட் மாத்திரை, சாப்பாட்டோட போடலன்னா மூஞ்சி செவந்து எரியும், அடிக்கடி ரத்தத்துல வெள்ளணு டெஸ்ட் வேற. அதுலயும் ரிலாப்ஸ் வந்ததால இப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரிட்டுக்ஸிமாப் ட்ரிப். இது ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, எம்எஸ்ஸுக்குன்னே இருக்கற சிலத விட விலை கம்மிங்கறதால நம்ம ஊர் டாக்டருங்க நெறைய பேர் இதத்தான் எழுதுறாங்க. என் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன எழுதி அனுப்பிச்சு தெரியுமா, உங்களுக்கு கேன்சர் இல்லையே, க்ளெய்ம் கெடையாது. ரிட்டுக்ஸிமாப் மாதிரி மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசிய விலக்கக் கூடாதுன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ 2019லயே சொல்லியாச்சு, அத எடுத்துக் காட்டி அலைஞ்சப்புறம்தான் கொஞ்சம் பணம் வந்துச்சு. இந்த மாதிரி விஷயம் உங்க கட்டுரைல ஒரு வரி இருந்திருந்தா எத்தன பேருக்கு உதவியிருக்கும்.

கடைசியா ஒண்ணு, கொஞ்சம் கோவமாவே சொல்றேன். கட்டுரைக்கு நேர் கீழ "நரம்பு நோய் அனைத்தும் பூரண குணம்"னு ஒரு லேகிய விளம்பரம். எம்எஸ்ஸ முழுசா குணப்படுத்த இன்னிக்கு வரைக்கும் மருந்து கெடையாது, ரிலாப்ஸ கொறைக்கத்தான் முடியும். அந்த லேகியத்த நம்பி ஃபிங்கோலிமாட் மாதிரி எம்எஸ் மாத்திரைய ஒருத்தர் திடீர்னு நிறுத்தினா முன்ன விட மோசமா ரிலாப்ஸ் அடிக்கலாம், நடந்துட்டு இருந்தவங்க படுத்துடலாம். பெரியம்மா போன்ல அழுது முடிச்சதும் கேட்டதே அந்த லேகியம் மும்பைல எங்க கெடைக்கும்னுதான். மே 30 எம்எஸ் தினத்துக்கு மறுபடி எழுதுனா போட்டோவ மாத்துங்க, அந்த விளம்பரத்த அதுக்கு முன்னாடியே நிறுத்துங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை