சக்கர நாற்காலிய எனக்க ஒடம்புக்கு பொருத்தி தந்தவங்களுக்கு நன்றி

அன்புள்ள எங்க ஊரு ஆளுகளுக்கு,

இத நான் வாயால சொல்லுகேன், போன் டைப் பண்ணுது. நம்ம கன்னியாகுமரி பேச்ச அது பாதி பிடிக்கும் பாதி விட்டுரும், கமா புள்ளி சரியா விழல, அத பொறுத்துக்கிட்டு வாசிங்க. தென்னையில இருந்து விழுந்தவன் இனி கட்டிலோட தான்னு எல்லாரும் நெனச்ச எடத்துல இருந்து, இன்னைக்கு மார்த்தாண்டத்துல தேன் யாவாரத்துக்கு போன்ல ஆர்டர் எடுத்து கணக்கும் பாக்கேன்னா அதுக்கு பின்னால நெறைய பேரு இருக்காங்க. பேரு போட்டா சில பேருக்கு பிடிக்காது, ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும்.

மொதல்ல அந்த நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு. விழுந்த ஒடனே ஆளுக ஓடி வந்து கையும் காலும் பிடிச்சு ஆட்டோல போட பாத்தாங்க, பாசத்துல தான். அந்த பிள்ள தான் சத்தம் போட்டு தடுத்து, 108 வர்ற வரைக்கும் எனக்க தலைய ரெண்டு கையாலயும் ஆடாம பிடிச்சுக்கிட்டு மழையில ஒக்காந்திருந்தா. ஒடைஞ்ச கழுத்து அசைஞ்சா மிஞ்சியிருக்க நரம்பும் போயிரும்னு ஆஸ்பத்திரில பொறவு சொன்னாங்க. எனக்கு கழுத்து தண்டுவடத்துல சி6ன்னு சொல்லுற ஆறாவது நரம்பு வரைக்கும் மிஞ்சிச்சு, அதாவது முழங்கைய மடக்கலாம் மணிக்கட்ட மேல தூக்கலாம் விரல் மட்டும் பிடிக்காது. அந்த மணிக்கட்டு தான் இப்ப எனக்க சோறு. மரம் ஏறுற ஆளுக உள்ள நம்ம ஊர்ல இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும், விழுந்தவர தூக்காதீங்க, 108 வர்றது வரைக்கும் தலைய அசையாம பிடிங்க.

பிசியோ மேடத்துக்கு எப்படி நன்றி சொல்ல. மணிக்கட்ட மேல தூக்கினா தளந்து கெடக்குற விரல் தானா உள்ள மடங்கும், அத வச்சே டம்ளர் எடுக்கலாம்னு மொதல்ல காட்டி தந்தது அவங்க தான். எங்க அம்மை தைலம் போட்டு விரல நீட்டி நீட்டி விட்டப்ப, அம்மா விரல அப்பிடி இழுக்காதீங்க, கொஞ்சம் இறுக்கமா இருந்தா தான் அவருக்கு பிடிமானம் வரும்னு தடுத்தாங்க. நான் பேசாம கெடந்த நாள்ல வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் கதைய சொன்னாங்க, 1954ல விபத்துல இடுப்புக்கு கீழ அசைவு போன பொறவும் வீல்சேர்ல இருந்து ஆபரேசன் பண்ணி 1966ல அங்க மறுவாழ்வு நிலையம் தொடங்கினவங்க. நம்ம பக்கத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணன் அய்யாவ பத்தியும் சொன்னாங்க, கழுத்துக்கு கீழ அசைவு இல்லாத மனுசன் 1981ல அமர் சேவா சங்கத்த ஆரம்பிச்சாரு. ஆறுதல் வார்த்தைய விட இந்த ரெண்டு பேருக்க கதை தான் எனக்கு ஒறச்சுது.

அடுத்தது வீல்சேர். மொதல்ல இலவசமா ஒண்ணு கெடச்சுது, தந்தவங்களுக்க மனசு நல்ல மனசு தான், ஆனா யாரும் அளவு எடுக்கல. ரெண்டு பக்கமும் கை போற அளவுக்கு அகலம், ஒடம்பு ஒரு பக்கமா சரிஞ்சு சரிஞ்சு அந்த பக்க எலும்புல புண்ணு வந்துட்டு. ஒணர்ச்சி இல்லாததால வலியும் தெரியாது, அம்மை துணி மாத்தும்போ தான் கண்டா. அந்த புண்ணு ஆற மாசக்கணக்கா குப்புற கெடந்தேன். ரெண்டாவது வீல்சேருக்கு மேடம் வீட்டுக்கே வந்து இடுப்பு அகலம், தொட நீளம், கால் வைக்கிற ஒயரம்னு தையல்காரர் மாதிரி அளந்தாங்க. காத்து அடைக்கிற குஷனுக்கு குவைத்துல உள்ள எனக்க கூட்டுக்காரன் காசு அனுப்பினான், யாருட்டயும் சொல்லாதடேன்னு சொன்னான், நான் சொல்லிட்டேன்.

வீல்சேர் வந்தும் வீட்ட விட்டு எறங்க முடியல, நம்ம ஊரு வீடு எல்லாம் மேட்டுல இல்லியா, எங்களுக்கும் ரோட்டுக்கு ஒன்றரை அடி எறக்கம். ஒரு அடி ஒயரத்துக்கு 12 அடி நீளத்துக்கு சரிவு வேணும், அப்ப 18 அடி, எங்க முத்தம் அவ்வளவு இல்ல. மேல வீட்டு அக்கா வந்து பாத்துட்டு ஒரு வார்த்த பேசல, மறுநாளே அவங்க செடி வச்சிருந்த ஓரத்த வெட்டி விட்டாங்க, அப்பிடி எல் மாதிரி திருப்பி கட்டினோம். கொத்தனார் மாமா திரும்புற எடத்துல வண்டி நிக்க சமதளம் விட்டு, ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊருல வழுக்க கூடாதுன்னு ஈர சிமெண்டுல தொடப்பத்த குறுக்க இழுத்து சொரசொரப்பா ஆக்கி தந்தாரு.

போன ஒழுங்கு பண்ணி தந்தது எனக்க அக்கா மொவ. 2017லயே கூகுள்ல தமிழ் பேசி டைப் பண்ற வசதி வந்துட்டு மாமான்னு சொல்லி, வளையுற கம்பி ஸ்டாண்ட வீல்சேர்ல மாட்டி, திரும்ப புண்ணு வராம இருக்க, குஷன்ல ஒரே இருப்பா இருக்காம அப்பப்ப முன்னால குனிஞ்சு நிமிர அலாரமும் வச்சு தந்தா. அலாரம் அடிச்சா கடைக்கு வந்தவங்களும் குனியுங்கன்னு ஞாபகப்படுத்துறாங்க.

அம்மைக்கு நான் தனியா சொல்லிக்கிடுகேன்.

கடைசியா பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணாச்சி. உள்ளங்கைய சுத்தி ஒரு பட்டை, அதுல ஒரு பை, அந்த பைல ஸ்பூன் சொருகினா சாப்பிடலாம், ஸ்டைலஸ் சொருகினா போன்ல தட்டலாம், பிரஷ் சொருகினா பல்லு தேய்க்கலாம். மேடம் தாள்ல வரைஞ்சு தந்தத அண்ணாச்சி மெல்லிசு தோல்ல தைச்சு, தோலு அறுக்காம உள்ள பஞ்சு வச்சு, பல்லால இழுத்தே ஒட்டுற மாதிரி வெல்க்ரோ போட்டு தந்தாரு. நான் யாருக்க கையும் எதிர்பாக்காம அள்ளி தின்ன மொத சோறு அந்த பட்டையால தான். விரல் பிடிக்காத யாராவது ஒங்க வீட்டுல இருந்தா உள்ளங்கை சுத்தளவ நூல் வச்சு அளந்துட்டு அவருட்ட போங்க, எனக்க பட்டைய மாதிரிக்கு அங்க குடுத்து வச்சிருக்கேன். காசு விசயம் அவருட்டயே கேளுங்க, எங்கிட்ட இதுவரைக்கும் வாங்கல.