தப்பி வந்தோருக்குத் துணைநின்றோர் நினைவு மதில்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி ஒன்ராறியோவுக்கு வந்து சேர்ந்த மக்களுக்குத் துணைநின்றோரின் நினைவாக, நமது மன்ற வளாகத்தின் வடபுறத் தோட்டத்தில் மூன்று கருங்கல் பலகைகள் பதித்த மதிலொன்றை எழுப்பும் பொறுப்பைப் பொதுக்கூட்டம் எம்மிடம் ஒப்படைத்திருந்தது. அப்பணி நிறைவெய்திவிட்டது. மதிலும், அதன் முன்னுள்ள கல்லிருக்கையும், மாலையில் பலகைகளை வாசிப்பதற்கான விளக்கும் ஓகஸ்ட் 1ஆம் நாள் மன்றத்திடம் கையளிக்கப்பட்டன. பிரித்தானியப் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நாள் அதுவாகும்; கனடாவின் மக்களவை 2021இல் அதனை விடுதலை நாளாக ஏற்றுக்கொண்டது. கோயிலல்லாத ஒன்றுக்குத் திருப்பணி என்று பெயரிடலாமா என மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். ஊர் கூடிப் பொருள் சேர்த்துக் கல்லெடுத்துச் செய்யும் பொதுவேலைக்கு நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பதே குழுவின் விடையாக இருந்தது. அவரும் அதன்பின் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்தார்.

யாருடைய பெயரைப் பொறிப்பது என்பதைத் தீர்மானிக்கவே அதிக காலம் சென்றது. நாம் முதலில் தயாரித்த பட்டியலில் போதகர்களும் சட்டத்தரணிகளும் பத்திரிகை ஆசிரியர்களுமே நிறைந்திருந்தனர். கூட்டம் கூட்டித் தீர்மானம் இயற்றியவர்களின் பெயர்கள் இலகுவாகக் கிடைக்கின்றன. நள்ளிரவில் கதவைத் திறந்து சோறும் போர்வையும் கொடுத்தவர்களின் பெயர்கள் அப்படிக் கிடைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அந்தக் கதவுகளைத் திறந்தவர்களுள் மிகப் பலர் தாமும் ஒரு காலத்தில் தப்பி வந்த கறுப்பின மக்களே. வெள்ளையினத்தாரின் இரக்கத்தால் மட்டும் நடந்தேறிய கதையாக இதனைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைக் கல்லிலும் தொடர வேண்டாம் எனக் குழு ஒருமனதாக முடிவுசெய்து பட்டியலை மீண்டும் எழுதியது.

முதற்பலகை, அடிமைப்படுத்தப்பட்டிருந்த குளோயி கூலி என்னும் பெண்ணின் பெயருடன் தொடங்குகிறது. 1793 மார்ச் 14ஆம் நாள் குயின்ஸ்ரனில் அவரது எசமான் அவரைக் கயிற்றால் கட்டிப் படகில் ஏற்றி, நயாகரா ஆற்றுக்கு அப்பால் விற்பதற்குக் கொண்டுசென்றார். குளோயி அலறினார், எதிர்த்துப் போராடினார், ஆனாலும் தப்ப முடியவில்லை. அதைக் கண்டறிந்து அதிகாரிகளின் முன் சென்று சொன்னவர் பீற்றர் மார்ட்டின் என்னும் சுதந்திரக் கறுப்பினத்தவர். பட்லரின் படைப்பிரிவில் பணியாற்றியவர். அவருடைய வாக்குமூலத்தைக் கேட்ட துணைநிலை ஆளுநர் சிம்கோ அதே ஆண்டில், இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடாவில் அடிமைமுறையை மட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்ததேயன்றி, ஏற்கனவே அடிமைப்பட்டிருந்த எவரையும் விடுவிக்கவில்லை; அதன்பின் பிறக்கும் பிள்ளைகளும் 25 வயதாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த மண்ணிலும் அடிமைமுறை இருந்தது என்பதை நம் பிள்ளைகளுள் பலர் இப்பலகையிலிருந்தே அறிகின்றனர். தன்னை விடுவித்துக்கொள்ள இயலாமற்போன ஒரு பெண்ணைத் துணைநின்றோர் மதிலில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியும் எழுந்தது. அவர் எழுப்பிய கூக்குரல் இல்லையெனில் மார்ட்டின் சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது.

நடுப்பலகை தோன்ரன் பிளாக்பேர்ன், லூசி பிளாக்பேர்ன் தம்பதியருக்கும் அவர்களைக் காப்பாற்றிய, எல்லை ஆற்றின் அமெரிக்கக் கரையிலுள்ள டிட்ரோயிட் நகர மக்களுக்கும் உரியது. 1831 யூலையில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து நீராவிக் கப்பலில் தப்பிய இவர்கள் டிட்ரோயிட்டில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தபின் 1833 யூனில் பிடிபட்டனர். திங்கட்கிழமை அவர்களைத் தெற்கே அனுப்புவதாக ஏற்பாடு. ஞாயிறன்று லூசியைப் பார்க்கச் சிறைக்குச் சென்ற கரோலின் பிரெஞ்ச் என்னும் பெண், தமது உடையை லூசிக்கு அணிவித்து வெளியே அனுப்பிவிட்டு, தாம் அறையினுள் இருந்துகொண்டார். காவலர்கள் ஆள்மாற்றத்தை அறிந்தபோது லூசி ஆற்றைக் கடந்து கனடாவுக்குள் சென்றுவிட்டார். மறுநாள் தோன்ரனைக் கொண்டுசெல்ல முற்பட்டபோது நகரின் கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு சிறைவாசலில் அவரை மீட்டனர். அந்தக் கைகலப்பில் மாவட்டக் காவல் தலைவர் படுகாயமடைந்தார். இதன்பின் டிட்ரோயிட்டின் கறுப்பின மக்கள்மீது ஊரடங்கு விதிக்கப்பட்டதும் பலர் சிறையிலடைக்கப்பட்டதும் பலகையில் உள்ளன. துணைநின்றவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் துணையை மட்டும் சொல்வது முறையன்று.

அமெரிக்க அதிகாரிகள் இருவரையும் திருப்பி அனுப்புமாறு கோரியபோது மேல் கனடா மறுத்துவிட்டது; பின்னர் வந்த பலருக்கு அம்மறுப்பே முன்னுதாரணமாயிற்று. 1834இல் ரொறன்ரோவுக்கு வந்த தோன்ரன் பிளாக்பேர்ன், சட்டத்துறையினரின் கட்டடமான ஒஸ்குட் ஹோலில் பரிசாரகராக வேலைசெய்து, 1837இல் இந்நகரின் முதலாவது வாடகைக் குதிரைவண்டியை ஓட்டத் தொடங்கினார். சிவப்பும் மஞ்சளும் பூசிய அவ்வண்டிக்கு "தி சிற்றி" என்று பெயர். ஒற்றைக் குதிரை, நால்வர் அமரும் இருக்கை, முன்புறத்தில் சாரதியின் மேடை. எழுத வாசிக்கத் தெரியாத அந்த மனிதர், பிடிபட்டால் மீண்டும் அடிமையாவோம் என அறிந்திருந்தும், தமது தாயை அழைத்துவரக் கென்டக்கிக்குத் திரும்பிச் சென்றார். வந்தேறிய ஏனையோருக்குக் குறைந்த வாடகையில் வீடு கொடுத்தார். 1985இல் ஈஸ்ரேர்ன் அவெனியூவுக்கு அருகிலுள்ள பாடசாலை முற்றமொன்றில் அகழாய்வு நடத்தியபோதுதான் அவர்களது வீட்டின் அடித்தளம் வெளிப்பட்டது. மறக்கப்பட்டிருந்த வரலாறும் அதனுடன் மேலே வந்தது. தோன்ரன் 1890இலும் லூசி 1895இலும் காலமாகி நெக்ரோபொலிஸ் மயானத்தில் அடக்கஞ்செய்யப்பட்டனர். இருவரின் புகைப்படமும் கிடைக்காத நிலையில், ஓவியர் ஒருவரைக் கொண்டு முகங்களைக் கற்பனையாக வரைவிக்கலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. அவ்விடத்தில் குதிரைவண்டியின் கோட்டுருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. நம் உறுப்பினர்களுள் வாடகைக்கார் ஓட்டிக் குடும்பத்தைக் கரைசேர்த்தவர்கள் பலர். அவ்வண்டியின் முன் அவர்கள் நின்று படமெடுத்துக்கொண்டதைத் திறப்பு நாளில் எல்லோரும் பார்த்தோம்.

மூன்றாம் பலகை வந்து சேர்ந்தபின் நடந்தவற்றைச் சொல்கிறது. எலன் அபொட் 1840இல் ரொறன்ரோவில் கறுப்பினப் பெண்களுக்கு உதவுவதற்காக விக்ரோரியா அரசி உதவிச் சங்கத்தை அமைத்தார். 1849இல் வில்லியம் கிங் என்னும் போதகர், அடிமைப்படுத்தப்பட்டுத் தம் வசமிருந்து, பின் தாம் விடுவித்த 15 பேருடன் ஒன்ராறியோவின் பக்ஸ்ரனில் 9,000 ஏக்கரில் குடியிருப்பைத் தொடங்கினார். பிற்ஸ்பேர்க்கில் வாழ்ந்த கறுப்பின மக்கள் அடுத்த ஆண்டில் அக்குடியிருப்புக்கு மணியொன்றை அனுப்பிவைத்தனர்; புதிதாக ஒருவர் வந்து சேரும்போதெல்லாம் அம்மணி அடிக்கப்பட்டது. பலகையின் அடியிலுள்ள இரு வரிகள் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. அவை, 1850ஆம் ஆண்டின் சட்டம் இம்மாகாணத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகளை அனுமதித்தது என்பதையும், அவற்றுள் கடைசியானது 1965இலேயே மூடப்பட்டது என்பதையும் கூறுகின்றன. நன்றி சொல்லும் இடத்தில் குறை சொல்வதா என்று கேட்டவர்கள் இருந்தனர். வாக்கெடுப்பில் அவ்வரிகள் நிலைத்தன.

வாசகங்களை முடிவுசெய்யுமுன் குழுவினர் வின்ட்சருக்கும் டிட்ரோயிட்டுக்கும் சென்று, 2001இல் ஆற்றின் இருகரைகளிலும் நிறுவப்பட்ட நினைவுச் சின்னங்களைப் பார்வையிட்டனர். டிட்ரோயிட் கரையிலுள்ள உருவங்கள் ஆற்றுக்கு அப்பால் பார்த்து நிற்கின்றன. கனடாப் பக்கமான வின்ட்சர் கரையில், கோபுரமொன்றின் ஒருபுறத்தில், வந்து இறங்கிய குடும்பம் ஒன்று இருக்கிறது. கோபுரத்தின் மறுபுறத்தில் துணிப்பொம்மையை ஏந்திய சிறுமியொருத்தி, தான் விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்க்கிறாள். எம்முடன் வந்த இரு பெண்கள் அச்சிறுமியின் அருகில் நெடுநேரம் நின்றனர்.

சொற்களைப் பற்றியும் ஒரு விளக்கம் தரவேண்டும். அடிமைத்தளையிலிருந்து தப்புவோரை இரகசியமாக அழைத்துவந்த உதவி வலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை "நிலத்தடி இரயில்பாதை" என நேரே பெயர்த்தபோது, சுரங்கத்தில் ஓடும் நகர இரயிலோ என்று ஞாயிறு வகுப்பு மாணவர் கேட்டனர். அங்கே இரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. வீடுகளும் வண்டிகளும் படகுகளும் வாய்ச்சொல்லுமே இருந்தன. ஆகவே பலகையில் "மறைவழி" என்ற சொல்லே வருகிறது. வழக்கிலுள்ள பெயர் ஓரிடத்தில் மட்டும் சுட்டப்படுகிறது. அதுபோல, "அடிமைகள்" என்னும் சொல்லை ஆட்களுக்குப் பெயராக வைக்காமல், "அடிமைப்படுத்தப்பட்டோர்" என்றே எழுதினோம். எழுத்துகள் கூடியதால் செதுக்கு கூலியும் கூடியது.

அந்தக் கூலியே ஒரு தனிக்கதை. கல்வெட்டும் நிறுவனம் எழுத்தொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டது. ஆனால் "கொ" என்பதை ஒன்றாக எண்ணுவதா, மூன்றாக எண்ணுவதா என்பதில் உடன்பாடு எட்டவில்லை; முதல் மதிப்பீட்டில் மெய்யெழுத்தின் புள்ளிகளும் தனி எழுத்தாகச் சேர்க்கப்பட்டிருந்தன. பொருளாளர் தாளில் எழுதிக் காட்டி அதைச் சீர்செய்தார். அதன்பின் வந்த நடுப்பலகையைக் கண்டு நாம் திகைத்தோம். அவர்களது கணினி ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்ததால் "பெயர்" என்பது "பயெர்" என்றாகியிருந்தது. "தோன்ரன்" என்ற பெயரில் கொம்புக்கும் துணைக்காலுக்கும் நடுவே புள்ளிகளாலான வட்டமொன்று தோன்றியிருந்தது. திரையில் கண்டதை அப்படியே கல்வெட்டுபவர் மிகுந்த அக்கறையுடன், ஒவ்வொரு புள்ளியாக, அழகாகச் செதுக்கியிருந்தார். அச்சுப் பிழையென்றால் தாளைக் கிழித்துப் போடலாம். கல்லை என்ன செய்வது? மாதிரியைப் பார்த்து ஒப்பமிட்டவர்கள் வாசகங்களின் ஆங்கில வடிவத்தை மட்டுமே சரிபார்த்திருந்தமை எமது தவறாகும். அதனைக் குழு ஏற்றுக்கொள்கிறது. புதுக் கல்லின் விலையை நிறுவனமும் செதுக்கு கூலியை நாமும் ஏற்பதென இணங்கி, இரண்டாம் முறை எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்பி, கல்லில் ஒட்டிய தாளை மூவர் உரக்க வாசித்தபின்னரே உளி படவிட்டோம். பழுதான கல் கவிழ்த்துப் போடப்பட்டு இப்போது இருக்கையின் மேற்பலகையாகப் பயன்படுகிறது.

இந்நகரின் உறைபனி மண்ணைத் தூக்கும் இயல்புடையதாதலால் அத்திவாரம் 1.2 மீற்றர் ஆழத்துக்கு இறக்கப்பட்டது. மாநகர அனுமதி, மின்னிணைப்பு, வடிகால் ஆகியவை ஒழுங்காக முடிந்தன.

1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் மீட்டதையும் இதே மதிலில் பொறிக்க வேண்டும் என உறுப்பினர் பலர் எழுதியிருந்தனர். அவ்வேண்டுகோளின் நியாயத்தைக் குழு நன்கு உணர்ந்திருந்தது. இந்த மதிலைக் கட்டும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயினும், பிறப்பிலேயே இன்னொருவரின் உடைமையாக எழுதப்பட்ட மக்களின் வரலாற்றை நமது வரலாற்றுக்கு முன்னுரையாக்கிவிடக் கூடாது என்பதால் அதனை இங்கே சேர்க்கவில்லை. மீனவர்களுக்கான நினைவுச்சின்னத்தை வேறோர் இடத்தில் தனியாக அமைக்கும் முன்மொழிவு அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும்.

கணக்காய்வாளர் ஒப்பமிட்ட வரவு செலவு அறிக்கை தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. செதுக்கு கூலி இருமுறை கொடுக்க நேர்ந்ததால் செலவு மதிப்பீட்டை விஞ்சியது. மிகுதித் தொகை செயற்குழுவின் அனுமதியுடன் ஒதுக்கு நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. உடலுழைப்பாகப் பணியாற்றிய இளையோருக்கும், திறப்பு நாளில் இரண்டு வேளைச் சமையலையும் ஏற்றுக்கொண்ட மகளிர் பிரிவினருக்கும், வாசகங்களை வாசித்துத் திருத்திய கறுப்பின வரலாற்று ஆர்வலர்களுக்கும் குழு நன்றி கூறுகிறது.

பராமரிப்புப் பொறுப்பு இனித் தோட்டப் பிரிவைச் சாரும். எழுத்தின் புள்ளிகளில் தேங்கும் நீர் உறைந்தால் கல்லின் விளிம்பு உதிரக்கூடும். ஆகவே பனிக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் பனி விலகியபின் ஒருமுறையும் அவற்றை மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். கம்பித் தூரிகை பயன்படுத்தக் கூடாது. நடைபாதைக்கு இடும் உப்பு மதிலின் அடியில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கின் ஆளி பொருள் அறைக் கதவின் உட்புறத்தில் உள்ளது. அறையின் சாவிகளுள் ஒன்று செயலாளரிடமும் மற்றொன்று தோட்டப் பிரிவிடமும் கொடுக்கப்பட்டுள்ளன.

திருப்பணிக் குழு