ஒட்டாமல் போன பசை

அன்புள்ள மீனா,

மாதக்கணக்காகச் செய்த கலவை இறுகவே இல்லை, எல்லாம் வீண் என்று போனில் சொன்னாய். அந்த நேரத்தில் பேச்சுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மேஜையில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும், போஸ்ட்-இட். அது தற்செயலாகக் கிடைத்தது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

தற்செயல் நடந்தது 1968-இல். அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர், பிடித்தால் விடாத பசைக்காக முயன்றுகொண்டிருந்தார். கலவையில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருளை வழக்கமான அளவைவிடக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார். கிடைத்தது, லேசாக ஒட்டி, இழுத்தால் வந்துவிடும் பசை. உள்ளே அக்ரிலேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கின் நுண்ணுருண்டைகள். தரையில் கிடக்கும் பந்து ஒரு புள்ளியில்தானே தரையைத் தொடுகிறது? இவையும் அப்படித்தான், தொடும் இடம் குறைவு, பிடிப்பும் குறைவு. ஆனால் உருண்டை சிதையாததால் எடுத்து எடுத்து ஒட்டலாம்.

கேட்டது கிடைக்கவில்லை என்று அவர் கொட்டிவிடவில்லை. கிடைத்தது என்ன என்று பார்த்தார். உன்னிடமும் அதையேதான் கேட்கிறேன்: கலவை இறுகவில்லை, சரி. இறுகாமல் என்ன ஆனது? அதை நீ சொல்லவே இல்லையே.

சில்வர் காப்புரிமை எடுத்தார். நிறுவனத்துக்குள் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார், கருத்தரங்கில் பேசினார். பசை பூசிய அறிவிப்புப் பலகை செய்யலாம் என்பது அவர் யோசனை. யாரும் அதில் மயங்கவில்லை. பிறகு 1974-இல், அவர் பேச்சைக் கேட்டிருந்த, அதே நிறுவனத்து ஆர்ட் ஃப்ரைக்கு அந்தப் பசை ஞாபகம் வந்தது. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கும் துண்டுத்தாள்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்தவர்கள் அதற்குப் பிறகு வருகிறார்கள். அந்தப் பசையைத் தடவிய தாளைப் புத்தகத்தில் ஒட்டி உரித்தால், பசை புத்தகத்திலேயே தங்கிவிட்டது. ரோஜர் மெரில், ஹென்றி கர்ட்னி என்ற இருவர், பசை தன் தாளோடு நிற்கும்படி ஓர் அடிப்பூச்சு கண்டுபிடித்தார்கள். அது இல்லையென்றால் சீட்டே இல்லை. அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. தற்செயலாக நடக்காத வேலைக்குக் கதை கிடையாது போலும். அந்த மஞ்சள் நிறம் மட்டும் சுத்தத் தற்செயல்: பக்கத்து ஆய்வகத்தில் மிச்சம் கிடந்த தாள் அந்த நிறம்.

அப்புறமும் உடனே விற்கவில்லை. 1977-இல் நான்கு நகரங்களில் வேறு பெயரில் விற்றுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மறு ஆண்டு பாய்சி நகரத்து அலுவலகங்களில் சும்மா கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-இல். பன்னிரண்டு வருஷம்!

சில்வரின் காப்புரிமை இணையத்தில் கிடைக்கிறது, 1972-இல் வந்தது, அமெரிக்க எண் 3,691,140. கணக்கெழுதியே காலம் தள்ளிய எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரிந்தன. நீ படித்துவிட்டு, எதை எவ்வளவு போட்டார் என்று எனக்கு விளக்கு.

அன்புடன்,
அப்பா