சைரன் கேட்டது, வண்டி வரவில்லை

மதிப்பிற்குரிய சாலைத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள பட்டர்மியர் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஏரிக்கரைச் சாலையில் கார்களை நிறுத்தி வழியடைப்பதைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று கோடைகளாக நாங்கள் அனுப்பிய கடிதங்களும் படங்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. கடந்த மே மாத விடுமுறை ஞாயிறன்று நடந்தது மட்டும் அதில் இல்லை.

அன்று நண்பகலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். இளமையில் ஹானிஸ்டர் சுரங்கத்தில் சிலேட்டுக்கல் பிளந்தவர். வலியென்று வாய் திறக்காத மனிதர். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அசைக்கக் கூடாது என்று ஆம்புலன்ஸ் சேவையினர் தொலைபேசியில் சொன்னதால், கல் தரையிலேயே போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகச் சைரன் கேட்டது. "வந்துட்டாங்க" என்றேன். இறுகப் பிடித்திருந்த என் கையை அவர் விட்டார்.

சத்தம் நெருங்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. ஹானிஸ்டர் கணவாய் இறங்கி, கேட்ஸ்கார்த் பண்ணையையும் தாண்டிய ஆம்புலன்ஸ், இரு ஓரமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பின்னாலும் கார்கள் வந்து அடைத்ததால் திரும்பவும் வழியில்லை. நாற்பது நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தரையில் கிடந்தார். "எங்கேம்மா நிக்குது?" என்று மூன்றாம் முறை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடைசியில் மருத்துவ உதவியாளர்கள் பைகளைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தார்கள்.

சாலையை அகலப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலை, எங்கே அகலப்படுத்துவது? ஏரிக்கரையில் வண்டி நிறுத்தத் தடை விதியுங்கள். விடுமுறை நாட்களில் அதை நடைமுறைப்படுத்த ஆள் அனுப்புங்கள். இதுவே எங்கள் கோரிக்கை.

வருகிறவர்கள் மீது கோபமில்லை. அழகுக்குப் பேர்போன ஃபிஷ் இன் விடுதிக்காரர் மகள் மேரி ராபின்சனைப் பார்க்க 1790களிலேயே இங்கு ஆட்கள் வந்தார்கள். மலைநடை வழிகாட்டி நூல்கள் எழுதிய வெயின்ரைட்டின் அஸ்தி தூவப்பட்ட ஹேஸ்டாக்ஸ் மலைக்கு இன்றும் நடக்கிறார்கள். வரட்டும். ஆனால் காரில்லாமல் வர என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? கெசிக் நகரிலிருந்து வரும் 77ஆம் எண் பேருந்தும் குளிர்காலத்தில் ஓடாது. கார் இல்லாத முதியவர்கள் அந்த மாதங்களில் வீட்டோடு முடங்குகிறார்கள். ஒவ்வொரு வீடாக விடுமுறைக் குடிலாக மாறுகிறது. ஜனவரி இரவில் விளக்கெரியும் சன்னல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2017இல் யுனெஸ்கோ இந்த ஏரி மாவட்டத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது மலையின் அழகுக்காக மட்டுமல்ல, இங்கே தலைமுறைகளாக ஆடு வளர்த்து வாழும் வாழ்க்கைக்காகவும்தான். அந்த வாழ்க்கையை வாழ இங்கே மனிதர்கள் மிஞ்ச வேண்டாமா?

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: ஏரிக்கரையில் வண்டி நிறுத்தத் தடை. நிரந்தர ஆணைக்கு நாளாகும் என்றால், ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் தற்காலிகத் தடையும் போக்குவரத்துக் கூம்புகளுமாவது போடுங்கள். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர் இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார். அவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பட்டர்மியர்வாசி ஒருத்தி