பேரனுக்கு ஒரு பெயர்

தக்கலை

பிரியமுள்ள கூட்டுக்காரனுக்கு,

உன் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தாயும் பிள்ளையும் சுகமாக இருப்பதில் அதைவிடச் சந்தோஷம். இங்கே மழை விடவில்லை. பால்வெட்டு நின்று கிடக்கிறது, ரப்பர் வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். கோயம்புத்தூரிலும் நல்ல மழையில்தான் பிள்ளை பிறந்தான் என்று எழுதியிருந்தாய்.

மருமகன் தேடி எடுத்த பெயர்ப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். கப்பலில் பல நாட்டு ஆட்களோடு வேலை பார்த்தவன் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். தெரிந்ததைச் சொல்கிறேன்.

'கை' என்றால் ஹவாய் மொழியில் கடல். 'டெனிஸ்' என்றால் துருக்கியில் கடல். 'டிலன்' வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் ஞானஸ்நானம் முடிந்த கையோடு கடலுக்குள் இறங்கிப் போன பிள்ளையின் பெயர். மருமகனுக்குக் கடல்மேல் ஆசை என்று தெரிகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் 'கை' என்று கூப்பிட்டால் யாருக்கும் கடல் நினைவுக்கு வராது. பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்தப் பெயர் என்று வளர்ந்தபிறகு அவனுக்குச் சொல்ல வீட்டில் ஒரு காரணம் வேண்டும்.

கானாவில் அக்கான் மக்களுக்குப் பிறந்த கிழமைதான் காரணம். ஆண் பிள்ளை வெள்ளிக்கிழமை பிறந்தால் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே, ஞாயிறு என்றால் குவாசி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் என்பதால் நடுவில் 'அட்டா' என்றும் ஒரு பெயர் உண்டு. கென்யாவின் லுவோ மக்கள் நேரமும் காலமும் பார்க்கிறார்கள். இரவில் பிறந்தவன் ஒட்டியனோ, மழையில் பிறந்தவன் ஒக்கோத். உன் பேரன் அங்கே பிறந்திருந்தால் பெயர் தேடும் வேலையே இருந்திருக்காது.

மங்கோலியப் பெயர்கள்தான் என்னை ரொம்பத் தொட்டவை. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் அடுத்துப் பிறப்பவனுக்கு நெர்குய் என்று வைப்பார்கள், 'பெயரில்லாதவன்'. அல்லது எனெபிஷ், 'இவன் இல்லை'. குன்பிஷ் என்றும் உண்டு, 'மனிதன் இல்லை'. பிள்ளையைத் தேடி வரும் கெட்ட ஆவி ஏமாந்து திரும்பிப் போகட்டும் என்று. நம் ஆட்கள் செய்ததும் இதுதானே? பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றார்கள். பிச்சையாகக் கிடைத்தவன் என்று சொல்லிப் பிச்சை என்று கூப்பிட்டார்கள். இன்று அந்தப் பெயர்களைச் சொல்லப் பிள்ளைகள் கூசுகிறார்கள். எத்தனை பிள்ளையைப் பறிகொடுத்த தாய், இந்த ஒருவனாவது தங்கட்டும் என்று வைத்த பெயர் அது! அதைவிடப் பாசமான பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது?

நம் மாவட்டத்தில் ஆசைப்பட்ட பெயரை வைக்கவே விடாத காலமும் இருந்தது. இப்போது சாமித்தோப்பு என்கிற ஊரில் 1809-இல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றவர்கள் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு முடியா, பெருமாளா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அவர்தான் பின்னால் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற ஐயா வைகுண்டர். பதி என்று சொல்லும் அவருடைய வழிபாட்டுத் தலத்துக்குள் ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தான் போகிறார்கள். அதனால் பெயர் வைக்க இன்றைக்கு நமக்கு இருக்கும் உரிமையை நான் லேசாக நினைப்பதில்லை.

வெளிநாட்டுப் பெயரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி நம்முடையதாக ஆக்கிக்கொள்வதில் நம் ஊர் கெட்டிக்கார ஊர். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக அறிவித்ததும் அந்தத் தமிழ்ப் பெயரோடுதான். உன் அப்பா பெயரையே பார். யோவான் என்பதைத்தான் நம் முன்னோர் அருளப்பன் என்றார்கள். மூலப்பொருளும் அதுதான், கடவுளின் அருள்.

நைஜீரியாவின் யொரூபா மக்கள், தாத்தா இறந்தபிறகு பிறக்கும் ஆண் பிள்ளைக்குப் பாபாதுண்டே என்று வைப்பார்கள். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். போன வருஷம்தானே உன் அப்பாவை அடக்கம் செய்தோம். கோவிலில் வைக்கும் பெயர் அருளப்பன் என்றே இருக்கட்டும். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கூப்பிட மருமகனின் கடல் ஆசைக்குத் துறைவன் என்று வைக்கலாமே. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துத் தலைவனைத் துறைவன், சேர்ப்பன் என்றுதான் சொல்வார்கள். முட்டம் கடலில் கட்டுமரம் தள்ளியவரின் கொள்ளுப்பேரனுக்கு இந்தப் பெயர் ஏன் என்று நீ சொல்ல வேண்டியதே இல்லை, ஊரே சொல்லும்.

அவசரப்பட வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கில எழுத்துகளை இப்போதே முடிவுசெய்து எழுதிக் கொடு. 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

அப்புறம், ஞானஸ்நானம் முட்டத்தில் வைத்தா, அங்கே கோயம்புத்தூரிலேயா? தேதியை முன்கூட்டியே எழுது. அங்கே என்றால் நாங்கள் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். வரும்போது ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுவருகிறேன், மகளிடம் சொல்.

உன் பழைய கூட்டுக்காரன்