பழைய இதழ்க் கட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள மகளுக்கு,

டாக்டரின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை எழுத நீ ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ‘ஏழைப் பங்காளர்’, ‘தன்னலமற்ற தொண்டர்’ என்பதையெல்லாம் வாழ்த்துரை எழுதுபவர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். நீ அவர் நடத்திய வாரப் பத்திரிகையின் பழைய இதழ்க் கட்டிலிருந்து தொடங்கு. பகலில் நோயாளி பார்த்துவிட்டு ராத்திரி புரூஃப் (பிழை பார்க்க எடுக்கும் சோதனை அச்சு) திருத்திய மனுஷர் எதற்காகப் பாடுபட்டார் என்பது அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

இதழ்க் கட்டைப் பிரிக்கும்போதே கவனம் வேண்டும். பத்திரிகைக் காகிதமான நியூஸ்பிரிண்ட், மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது. அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், தாளும் அமிலமேறி அப்பளம் போல ஆகிவிடும். முதலில் உடைவது மடிப்புதான். ஓரத்தைப் பிடித்துத் தூக்காதே, அடியில் ஓர் அட்டையைச் செருகி அட்டையோடு எடு. கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது. பசை ஊறி, எழுத்து இருக்கும் இடமும் கறையாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், போனைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடு. செய்தியை மட்டும் எடுத்துவிட்டுத் தேதியை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு இதழுக்கும் முதல் படம் தேதியோடு கூடிய தலைப்பாக இருக்கட்டும்.

தேதி கிழிந்த தாளும் வரும். விலை அணாவில் மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘நயா பைசா’ என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் இடைப்பட்டது. எழுத்தை வைத்துக் கணக்கிடும்போது மட்டும் அவசரப்படாதே. லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவத்தில் இருந்தால், 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தையது என்று தோன்றும். ஆனால் ஈயத்தில் வார்த்த அச்செழுத்து விலைகொடுத்து வாங்கிய சரக்கு. சின்ன அச்சகத்தில் பழைய எழுத்து தேயும்வரை ஓட்டியிருப்பார்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். அதைவிட முக்கியமானது ‘படிவம் 4’. 1956-ல் வந்த விதிகளின்படி, வருஷா வருஷம் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மார்ச் முதல் வார இதழ்களை மட்டும் வரிசையாக எடுத்து வை. உரிமை யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த வருஷம் பங்காளி விலகினார் என்பதெல்லாம் ஒரே மாலையில் தெரிந்துவிடும். ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இந்த ஒரு பத்தி அவற்றில் பாதியைத் தீர்த்துவைக்கும்.

அச்சுப்பிழையைப் பார்த்து அவரை எடைபோட்டுவிடாதே. அச்செழுத்து வைக்கும் தமிழ் கேஸில் பல உயிர்மெய்களுக்குத் தனித்தனி அறை. எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர் நின்றுகொண்டே ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்குவார். ஸ்டிக் நிறைந்ததும் ‘கேலி’ என்ற நீளத் தட்டுக்கு மாற்றி, நூல் கட்டி, புரூஃப் எடுப்பார்கள். சின்ன அச்சகத்தில் இரண்டு இதழுக்கான எழுத்து இருக்காது. அடித்து முடித்த பக்கத்தைக் கழுவி, எழுத்தைப் பிரித்து அறை அறையாகப் போட்ட பிறகுதான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடியும். ஓர் எழுத்து தீர்ந்துபோனால் வேறு அளவு எழுத்து நுழையும், இல்லையென்றால் வாக்கியத்தையே மாற்றுவார்கள். டிரெடில் என்ற சின்ன அச்சு இயந்திரத்தில் கையால் தாள் கொடுத்து மணிக்கு ஆயிரம் அடித்தால் நல்ல வேகம். நாலு பக்கத்தையும் தனித்தனியாக அடித்தால் ஆயிரம் பிரதிக்கு நாலாயிரம் தடவை. அதனால் வியாழக்கிழமை ராத்திரி நடந்த விபத்து வெள்ளிக்கிழமை இதழில் இல்லையென்றால் மறைத்தார் என்று எழுதிவிடாதே.

அவர் எதை இழந்து பத்திரிகை நடத்தினார் என்பதை விளம்பரத்தை வைத்து அளக்கலாம். மாதத்துக்கு ஓர் இதழ் எடு, வருஷத்துக்குப் பன்னிரண்டு. ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஐந்து பத்தி, பத்திக்குப் பதினாறு அங்குலம் என்றால் நாலு பக்கத்துக்கு 320 பத்தி அங்குலம். அதில் விளம்பரம் எத்தனை என்று ஸ்கேல் வைத்துக் குறி. ஏல அறிவிப்பு, கோர்ட்டு நோட்டீஸ், ஜவுளிக்கடை என்று பிரித்து எழுது. நகராட்சியைக் கண்டித்த மாதங்களுக்குப் பிறகு நகராட்சி அறிவிப்பு குறைந்ததா பார். குறைந்திருந்தால் இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது, ‘பழிவாங்கினார்கள்’ என்று மட்டும் நீயாக முடிவு கட்டாதே. வருமானம் குறைந்த மாதத்திலும் இதழ் தவறாமல் வந்திருந்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேள். கிளினிக் வரவில்தான் காகிதக் கடன் அடைந்தது என்றால், அது கணக்கு நோட்டில் இருக்கும்.

‘குடிதண்ணீர் கொண்டுவந்தவரே அவர்தான்’ என்பார்கள். அப்படியே எழுதாதே. முதலில் வாசகர் கடிதம் வந்திருக்கும், பிறகு செய்தி, பிறகு தலையங்கம், பிறகு நகராட்சித் தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எண்ணையும் தேதியையும் சரிபார். பத்து பேர் அலைந்த காரியத்தில் அவர் பங்கு எது என்று சரியாகச் சொல்வதுதான் அவருக்கு மரியாதை. நோயாளிகளைப் பற்றிக் குடும்பத்தார் சொல்லும் கதைகளில் பெயரையும் நோயையும் எடுத்துவிடு. அவரே வெளியில் சொல்லியிருக்க மாட்டார்.

அவரைப் போலவே வைத்தியமும் பத்திரிகையும் பார்த்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் வாழ்க்கையை ஒருமுறை படி. 1887-ல் ராசிபுரத்தில் பிறந்தவர், வைத்தியத்தில் பேரெடுத்தவர், ‘தமிழ்நாடு’ பத்திரிகையை நடத்தியவர், 1932-ல் இந்தியன் எக்ஸ்பிரஸைத் தொடங்கியவர். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து முன்னால் நின்றார். அதே மனிதர் பின்னாளில் இந்துத்துவ அரசியல் நடத்திய இந்து மகாசபைக்கும் போனார். இரண்டும் அவர்தான். உன் டாக்டரிடமும் இப்படி ஒன்று இருந்தால் இஸ்திரி போட்டு மறைக்காதே.

பேட்டிக்கு முதலில் உறவினரிடம் போகாமல் பழைய கம்போசிட்டரிடமோ பேப்பர் போட்ட பையனிடமோ போ. ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் ‘தங்கமானவர்’ என்பார்கள். சம்பளம் எந்தக் கிழமை, புரூஃபில் எந்த நிற மை, எந்தச் செய்தியைக் கடைசி நேரத்தில் எடுக்கச் சொன்னார் என்று கேள்.

விடுபட்ட இதழ்களுக்குச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பார். சட்டப்படி ஒரு பிரதி அங்கே போயிருக்க வேண்டும். ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரி. வேலை முடிந்ததும் கட்டை ரப்பர் பேண்ட் போடாமல் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, படுக்கை வசமாக வைத்து, வீட்டாரிடம் திருப்பிக் கொடு. எடுத்த படங்களில் ஒரு பிரதியையும் அவர்களுக்குக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா